வாளைக் கீழே வைத்தவர்கள்: பாலடினுக்கு ஒரு புனிதரை உருவாக்குவது பற்றி

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர ஆட்டம் ஆட உட்காரும்போது யாராவது பாலடின் என்ற புனித வீரன் பாத்திரத்தை எடுத்துவிட்டால் அடுத்த கேள்வி உடனே வந்துவிடும்: உன் சாமி எது? ரூல்புக்கில் ஒரு பட்டியல் இருக்கும். நீதிக்கு ஒரு தெய்வம், போருக்கு ஒரு தெய்வம், சூரியனுக்கு ஒன்று. ஆட்டக்காரர் அதிலிருந்து ஒரு பெயரை எடுத்து கேரக்டர் ஷீட்டில் எழுதுவார். பெரும்பாலும் அதோடு அந்தப் பெயரின் வேலை முடிந்துவிடுகிறது. நாலு மாதம் ஆட்டம் ஓடிய பிறகு கேட்டால், ஷீட்டைத் திருப்பிப் பார்த்துத்தான் தன் தெய்வத்தின் பெயரையே சொல்வார். இந்தக் குறையைத் தீர்க்க, தங்கள் கதையுலகுக்கென்றே புனிதர்களைப் படைக்கும் டிஎம்கள், அதாவது ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டர்கள், உண்டு. தெய்வம் எட்டாத் தொலைவில் இருக்கிறது, மனிதராக வாழ்ந்து செத்த புனிதர் பக்கத்தில் இருக்கிறார் என்பது அவர்கள் எண்ணம். சரியான எண்ணம்தான். ஆனால் அப்படிப் படைக்கப்படுபவர்களில் பலர் சிறிய அளவுத் தெய்வங்களாகவே நின்றுவிடுகிறார்கள்: வீரத்தின் புனிதர், கேடயத்தின் புனிதர், விடியலின் புனிதர். ஒரு பெயர், ஒரு சின்னம், பிடித்த ஆயுதம், இரண்டு மந்திரங்கள், அவ்வளவுதான். ஒரு துறையை ஒதுக்கிக் கொடுத்தால் புனிதர் தானாக வந்துவிடுவார் என்ற இந்தப் பழக்கத்தைத்தான் இங்கே மறுக்கப் போகிறேன். போர்வீரர் கும்பிடும் புனிதரை உருவாக்க வேண்டுமானால் ஒரே ஒரு செயலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தச் செயல் ஒரு கட்டளையை மறுத்ததாகவோ ஒரு தோல்வியாகவோ இருந்தால் இன்னும் நல்லது. இது வெறும் ரசனை சார்ந்த விஷயம் இல்லை. ஐரோப்பாவில் படைகள் நிஜமாகவே வேண்டிக்கொண்ட புனிதர்களை எடுத்துப் பார்த்தால் இந்த வடிவம்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

பாலடின் எங்கிருந்து வந்தார் என்று முதலில் பார்த்துவிடலாம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்ட மூல ஆட்டத்தில் பாலடின் கிடையாது. அடுத்த ஆண்டு வந்த 'கிரேஹாக்' துணைநூலில்தான் தலைகாட்டினார். அவருக்குப் பின்னால் போல் ஆண்டர்சனின் 'த்ரீ ஹார்ட்ஸ் அண்ட் த்ரீ லயன்ஸ்' நாவல் இருக்கிறது. அதற்கும் பின்னால் சார்லமேன் பேரரசரின் வீரர்களைப் பற்றிய பழைய பிரெஞ்சுக் கதைப்பாடல்கள் இருக்கின்றன. அடுத்து வந்த அட்வான்ஸ்டு ரூல்களில் கைகாக்ஸ் பாலடினுக்குக் கடுமையான வேலி போட்டார். கரிஸ்மா 17-க்குக் குறையக்கூடாது. பத்து மாயப்பொருளுக்கு மேல் வைத்துக்கொள்ளக்கூடாது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட வேண்டும். தெரிந்தே ஒரு தீச்செயல் செய்தால் சக்தியெல்லாம் போய்விடும், திரும்பவே வராது. பாலடின் எதையெல்லாம் செய்யக்கூடாது என்று இந்த ரூல்கள் விலாவாரியாகச் சொன்னன. யாரைப் போல வாழ முயல்கிறார் என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை. ஆனால் மூலக் கதைப்பாடலில் அது இருக்கிறது. சார்லமேனின் வீரன் ரோலண்டின் வாளான துராந்தாலின் கைப்பிடிக்குள் திருப்பண்டங்கள் பொதிந்திருப்பதாக அந்தப் பாடல் சொல்கிறது: புனித பேதுருவின் ஒரு பல், புனித பசிலின் ரத்தம், புனித டெனிஸின் தலைமுடி, மரியாளின் உடைத்துண்டு. அந்த வீரன் வாளைப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் செத்துப்போன நான்கு பேரின் நினைவை உள்ளங்கையில் பிடிக்கிறான். கைகாக்ஸின் வேலியைவிட இந்தக் கைப்பிடி எவ்வளவோ உயிருள்ளதாக எனக்குப் படுகிறது.

ஆட்டத்துக்குள் நுழைந்த நிஜப் புனிதர் ஒருவரும் இருக்கிறார். ஆட்டத்தின் கதையுலகங்களில் ஒன்றான கிரேஹாக்கின் தெய்வங்களில் செயிண்ட் கத்பர்ட் என்று ஒருவர் உண்டு. 1979-இல் வந்த டஞ்சன் மாஸ்டர் கையேட்டில் அவருடைய தண்டாயுதம் ஓர் அரும்பொருளாக இடம்பெற்றது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அவர் பழிவாங்குதலின் தெய்வம். தப்புச் செய்தவன் மண்டையில் போட்டுத் திருத்துகிறவர் என்பதுதான் ஆட்டக்காரர்கள் மனத்தில் பதிந்த உருவம். நிஜ கத்பர்ட் வடகிழக்கு இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் தீவில் துறவியாகவும் ஆயராகவும் இருந்தவர். 687-இல் இன்னர் ஃபார்ன் என்ற பாறைத் தீவில் தனிமையில் இறந்தார். இரவெல்லாம் கடலில் கழுத்தளவு நின்று ஜெபித்துவிட்டுக் கரையேறியபோது நீர்நாய்கள் வந்து அவர் பாதங்களைத் துவட்டிவிட்டன என்று துறவி பீட் எழுதிய வரலாறு சொல்கிறது. அந்தத் தீவுகளின் ஈடர் வாத்துகளுக்கு இன்றும் அந்த வட்டாரத்தில் அவர் பெயர்தான். இப்படிப்பட்டவரை தண்டாயுதக்காரர் ஆக்கியது அநியாயம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஆட்டத்துக்கு வெகுகாலம் முன்பே அவர் கல்லறை இருக்கும் டராம் நகரத்துக்காரர்களும் அதையே செய்திருக்கிறார்கள். 1346-இல் நெவில்ஸ் கிராஸ் என்ற இடத்தில் ஸ்காட்லாந்துப் படையை எதிர்த்தபோது அவருடைய திருத்துணியை ஈட்டி முனையில் கட்டி எடுத்துப் போனார்கள் என்பது மரபு. பிறகு அதைக் கொடியாகவே தைத்து, பல போர்களுக்குச் சுமந்தார்கள். 1827-இல் அவர் கல்லறையைத் திறந்தபோது கிடைத்த சிறிய பொற்சிலுவையில் சிவப்புக் கற்கள் பதித்திருந்தன. ஒருகாலத்தில் உடைந்து, ஒட்டவைத்துச் சரிசெய்த தடயம் அதில் இன்னும் தெரிகிறது. ஒரு புனிதரை வடிவமைக்க நினைக்கிறவர் தண்டாயுதத்தை விட்டுவிட்டு இந்த ஒட்டுப்போட்ட சிலுவையிலிருந்து தொடங்கியிருந்தால் என்னென்ன கேள்விகள் வந்திருக்கும்! யார் உடைத்தார்கள்? புதிதாக ஒன்று செய்யாமல் ஏன் பழையதையே ஒட்டினார்கள்?

கத்பர்ட் துறவி. அவரை விட்டுவிட்டு, படைவீரராகவே இருந்த புனிதர்களைப் பாருங்கள். தூர் நகரத்து மார்ட்டின் ரோமானியக் குதிரைப்படையில் இருந்தவர். ஆமியான் நகர வாயிலில் குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதி கொடுத்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அவர் வாள் செய்ததாக நமக்குச் சொல்லப்படும் ஒரே வெட்டு அதுதான். அவரை நேரில் அறிந்த சுல்பீசியஸ் செவெரஸ் எழுதிய வரலாற்றில் அடுத்த கட்டமும் வருகிறது. ஒரு போருக்கு முந்தின நாள், இனி போரிட மாட்டேன் என்று மார்ட்டின் சொல்கிறார். கோழை என்று பழிக்கிறார்கள். அப்படியானால் ஆயுதமில்லாமல் முன்வரிசையில் நிற்கிறேன் என்கிறார். மறுநாள் எதிரி சமாதானம் கேட்டு வந்துவிடுகிறான். மொரீஸ் என்பவரின் கதையும் இதே வழிதான். எகிப்திலிருந்து வந்த தீபன் படைப்பிரிவின் தலைவர் அவர். பேரரசனின் கட்டளையை ஏற்க மறுத்ததால், பத்துக்கு ஒருவராக வெட்டியும் பணியாத அந்தப் படைப்பிரிவு முழுவதும் கொல்லப்பட்டது என்று ஐந்தாம் நூற்றாண்டில் லியோன் ஆயர் யூக்கேரியஸ் எழுதினார். அந்தச் சம்பவம் அப்படியே நடந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் சந்தேகப்படுகிறார்கள். நமக்கு வேண்டியது மக்கள் எதை நினைவில் வைக்க விரும்பினார்கள் என்பது. ஜார்ஜும் மரபுப்படி, பேரரசர் சொல்லியும் பலி செலுத்த மறுத்துச் செத்த படைவீரர். அவர் குத்திய டிராகன் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் கதைக்குள் வந்தது. மூவருமே படைவீரர்கள், மூவரையும் புனிதராக்கியது ஒரு மறுப்பு. சீருடையில் இருந்தபடியே ஓர் இடத்தில் கையை நிறுத்திக்கொண்டவர்கள் அவர்கள்.

போரிட்ட புனிதர்களே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு, அவர்களும் இந்த வாதத்துக்கு வலுச்சேர்க்கிறார்கள். ஜோன் ஆஃப் ஆர்க் ஓர்லியான் முற்றுகையை உடைத்தவள்தான். ஆனால் மக்கள் நெஞ்சில் நின்ற ஜோன் 1431-இல் ரூவான் நகரில் எரிக்கப்பட்ட பெண். அவளைத் தண்டித்ததும் ஒரு திருச்சபை நீதிமன்றம். 1920-இல் புனிதர் பட்டம் கொடுத்ததும் திருச்சபை. பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயி இரண்டு சிலுவைப்போர்களுக்குத் தலைமை தாங்கினார். முதலாவதில் 1250-இல் எகிப்தில் சிறைப்பட்டார், இரண்டாவதில் 1270-இல் துனிஸில் நோயில் இறந்தார். நார்வேயின் ஓலாஃப் 1030-இல் ஸ்டிக்லஸ்டாட் போரில் தோற்று மடிந்தவர். வென்றதற்காக மட்டுமே புனிதரானவரைத் தேடினால் கிடைப்பது அபூர்வம். வெள்ளைக் குதிரையில் வாளேந்தி வரும் ஸ்பெயினின் சந்தியாகப்பரைச் சொல்லலாம். ஆனால் அவர் திருத்தூதர் யாக்கோபு. ஏரோது மன்னனால் தலை வெட்டிக் கொல்லப்பட்டவர். குதிரையும் வாளும் அவர் இறந்து எத்தனையோ நூற்றாண்டுகள் கழித்து, ஒரு நாட்டின் போர்த் தேவைக்காக அவர்மேல் ஏற்றப்பட்டவை. நம்மூர்க் கடற்கரைத் தேவாலயங்களில் சந்தியாகப்பர் குதிரையேறி நிற்பதும் அந்த வழியில் போர்த்துக்கீசியரோடு வந்த உருவம்தான்.

இந்த 'ஏற்றப்பட்டவை' என்பதில்தான் ஆட்டத்துக்கான இரண்டாவது பாடம் இருக்கிறது. போரிட மறுத்த மார்ட்டினின் பாதி மேலங்கியைப் பிராங்க் மன்னர்கள் போர்க்களத்துக்குக் கூடவே எடுத்துப்போனார்கள், அதன்மேல் கைவைத்துச் சத்தியம் வாங்கினார்கள். பேரரசனை எதிர்த்துச் செத்த மொரீஸ் பின்னாளில் பேரரசர்களுக்கே பாதுகாவலர் ஆனார். 13-ஆம் நூற்றாண்டில் மாக்டபர்க் பேராலயத்தில் அவருக்கு வலைக்கவசம் அணிந்த கறுப்பின வீரராக ஓர் அற்புதமான சிலை வைத்தார்கள். எல்லாவற்றையும்விட என்னை அசைப்பது எலிசபெத்தின் கதை. ஹங்கேரி அரசனின் மகள், இளம் வயதிலேயே விதவையானவள், மார்பர்க் நகரில் ஒரு மருத்துவமனை வைத்து நோயாளிகளைத் தன் கையால் கழுவித் துடைத்தவள். 1231-இல் 24 வயதில் இறந்துபோனாள். நான்கே ஆண்டுகளில் புனிதர் பட்டம் வந்தது. அந்த மருத்துவமனையைத் தன் பொறுப்பில் எடுத்து, அவள் கல்லறைமேல் பெரிய ஆலயம் எழுப்பி, அவளைத் தங்கள் பாதுகாவலியாக வைத்துக்கொண்டது யார் என்றால், டியூட்டானிக் போர்த்துறவிகள். அதே ஆண்டுகளில் பிரஷ்யாவில் வாள்முனையில் நாடுபிடித்துக்கொண்டிருந்த அதே சபை. இது பச்சையான பயன்படுத்தல் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் அந்தச் சபையே 1190-இல் ஏக்கர் முற்றுகையின்போது ஒரு கள மருத்துவமனையாகத்தான் தொடங்கியது. போர்த்துறவிகள் அவளிடம் தங்கள் பழைய முகத்தைப் பார்த்திருக்கலாம். கவசம் போட்ட ஒருவன் அவள் கல்லறை முன் மண்டியிடும்போது உண்மையிலேயே என்ன நினைத்திருப்பான்? இந்த ஒரு கேள்வியில் ஒரு முழு கேம்பெயினுக்கான பாலடின் இருக்கிறான்.

ஆக, நிஜமான போர்ப்புனிதருக்கு இரண்டு அடுக்கு. கீழே ஒரு செயல். மேலே, பின்னால் வந்தவர்கள் அந்தச் செயலைத் தங்கள் தேவைக்கு வளைத்துக்கொண்ட வரலாறு. இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. பாலடின் வாழ வேண்டியது அந்த இடைவெளியில். இங்கே முதல் மறுப்பு வரும்: 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் பாலடினின் சக்தி அவன் எடுக்கும் சபதத்திலிருந்தே வருகிறது, மூன்றாம் லெவலில் ஒரு சபதத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும், அப்புறம் எதற்குப் புனிதர்? சபதம் நல்ல ஏற்பாடுதான், அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் பக்திச் சபதத்தின் கொள்கைகளைப் படித்துப் பாருங்கள்: உண்மை, துணிவு, இரக்கம், கண்ணியம், கடமை. ஐந்தும் ஒன்றோடொன்று சண்டை போடாதவரை யாருக்கும் சிக்கல் இல்லை. கடமைக்குள் நியாயமான அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவதும் அடங்கும். இரக்கத்துக்குள் எளியவரைக் காப்பதும் அடங்கும். இரண்டும் ஒரே ராத்திரியில் எதிரெதிரே வந்து நின்றால்? சபதம் வாயை மூடிக்கொள்ளும், ஏனென்றால் அது சட்டம். புனிதர் முன்தீர்ப்பு மாதிரி. இப்படி ஒரு நிலைமையில் ஒருவர் இப்படிச் செய்தார், அதற்கு இந்த விலை கொடுத்தார் என்று ஒரு வழக்கை நம் முன்னால் வைக்கிறார். அதைப் பின்பற்றலாம், அதிலிருந்து விலகலாம், அது இங்கே பொருந்தாது என்று வாதிடலாம். வாதிடும்போதுதான் ஷீட்டில் இருக்கும் பெயருக்கு உயிர் வருகிறது. பாத்ஃபைண்டர் ஆட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. அவர்களுடைய பாலடின் தெய்வமான ஐயோமிடே மனுஷியாக இருந்து தெய்வமானவள். அவளுடைய வேதம் அவள் செய்த பதினொரு அற்புதச் செயல்களின் கதை.

வெறுமனே கொள்கை பேசாமல் ஒரு புனிதரைச் செய்தே பார்க்கலாம். பெயர் ஆல்தா என்று வைத்துக்கொள்வோம். மலைக்கணவாய்க் கோட்டை ஒன்றின் வாயில்காவல்காரி. பனிக்காலம், எதிரிப்படை நெருங்குகிறது, பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்து என்பது தளபதியின் கட்டளை. பொழுது சாய்ந்துவிட்டது, ஆனால் கீழே பாதையில் தீப்பந்தங்கள் தெரிகின்றன, பள்ளத்தாக்கு ஊர்க்காரர்கள் பிள்ளைகுட்டியோடு ஏறி வருகிறார்கள். ஆல்தா கதவைச் சாத்தவில்லை. கடைசி ஆள் உள்ளே போகும்வரை பிடித்து நிறுத்திவிட்டு, துரத்தி வந்தவர்களைத் தடுக்கத் தான் வெளியே நின்று கதவைப் பூட்டினாள். பனி உருகிய பிறகு அவள் உடல் கிடைத்தபோது சாவி கைக்குள் இறுகிப்போயிருந்தது. இதுவரை அழகான கதை. அழகாக மட்டும் இருப்பதால் ஆட்டத்துக்கு இன்னும் உதவாது. இங்கே ரோமாபுரி நடைமுறை ஒன்று கைகொடுக்கும். புனிதர் பட்ட விசாரணையில், பட்டம் கொடுக்கக்கூடாது என்று எதிர்த்து வாதாட ஓர் அதிகாரியே இருந்தார். சாத்தானின் வழக்கறிஞர் என்று மக்கள் அவரைச் சொல்வார்கள். 1587-இல் நிலைபெற்ற அந்தப் பொறுப்பை 1983-இல்தான் போப் இரண்டாம் ஜான் பால் வெகுவாகச் சுருக்கினார். நம் புனிதருக்கும் அந்த ஆள் வேண்டும். அவர் கேட்கிறார்: கதவு திறந்திருந்த அந்த நேரத்தில் அகதிகளோடு எதிரியின் ஆட்களும் உள்ளே நுழைந்தார்களே? தானியக்கிடங்கு எரிந்ததே? அந்தக் குளிர்காலத்தில் பசியில் செத்த முப்பது பேர் யார் கணக்கு? பதில் இல்லை. பதில் இல்லாமலேயே ஆல்தாவைப் புனிதராக்குங்கள். அவள் திருவிழாவன்று அந்த முப்பது பேரின் பெயரையும் வாசிக்கிறார்கள் என்று ஒரு வரி சேருங்கள். இப்போது அவள் எழுந்து நிற்கிறாள்.

அடுத்தது மேல் அடுக்கு. கோட்டைப் படைக்கு ஆல்தா கடைசிவரை காவலை விட்டு விலகாதவள். அவர்கள் வைத்த சிலையில் பூட்டிய கதவுக்கு முன் வாளோடு நிற்கிறாள். பள்ளத்தாக்கு ஊர்க்காரர்களுக்கு அவள் கட்டளையை மீறியவள். அவர்கள் வைத்த சிலையில் கதவு பாதி திறந்திருக்கும், கையில் வாள் இருக்காது. இரண்டு கோயிலும் ஒரே நாளில் திருவிழா எடுக்கும். அவளுக்கு யார் யார் வேண்டிக்கொள்வார்கள் என்பதையும் தத்துவத்திலிருந்து தேடாதீர்கள், கதையின் சில்லறை விவரங்களிலிருந்து தேடுங்கள். வரலாறு அப்படித்தான் போகிறது. பார்பராவைக் கொன்ற தகப்பனை மின்னல் தாக்கியதால் இடிக்கும், பிறகு வெடிமருந்துக்கும், பிறகு பீரங்கிப்படைக்கும் அவள் பாதுகாவலி ஆனாள். இரும்புக் கட்டிலில் வாட்டப்பட்ட லாரன்ஸைச் சமையல்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பற்கள் உடைக்கப்பட்ட அப்பொலோனியாவைப் பல்வலிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் ஆல்தாவிடம் வாயில்காவலர்கள் வருவார்கள், அகதிகள் வருவார்கள், பூட்டுச் செய்யும் கொல்லர்கள் வருவார்கள், கதவு திறந்து உயிர் வெளியே வர வேண்டும் என்பதால் மருத்துவச்சிகளும் வருவார்கள். ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் திருடர்களும் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போவார்கள். திருப்பண்டத்தையும் ஒளிவீசும் வாளாக ஆக்க வேண்டாம். அந்தச் சாவி போதும். கோட்டையின் கதவை எப்போதோ மாற்றிவிட்டார்கள், அது எந்தப் பூட்டுக்கும் சேராது. இன்னும் எளிமையாகவும் இருக்கலாம். 1693-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தரின் நினைவாக மக்கள் இன்றும் எடுத்துப்போவது அந்த இடத்துச் செம்மண்ணைத்தான். கைப்பிடி மண் ஒரு திருப்பண்டமாகலாம் என்று தெரிந்த ஊர்க்காரர்கள் நாம். தங்கமும் வைரமும் பதித்த மந்திரப்பொருளைத் தேடி ரூல்புக்கைப் புரட்ட வேண்டியதில்லை.

ரூல் பக்கத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். புதிய சக்திகள் எழுத உட்காராதீர்கள்; இருக்கிற சக்திகளுக்கு ஆல்தாவின் சாயலைக் கொடுங்கள். லே ஆன் ஹேண்ட்ஸ் (கைவைத்துக் குணமாக்கும் சக்தி) செய்யும்போது பாலடின் உள்ளங்கையைத் திறந்து வைக்கிறான், மூடிய கையால் தொடமாட்டான். புனிதச் சின்னமாகச் சாவி. ஒரே ஒரு கடமை: தான் மூடும் எந்தக் கதவையும் மூடுவதற்கு முன், வெளியே யாராவது இருக்கிறார்களா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். சத்திரத்து அறைக்கதவானாலும் சரி, அரக்கர்கள் துரத்தி வரும் சுரங்கக் கதவானாலும் சரி. ஆட்டமேசையில் இது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் சில தடவை மற்ற ஆட்டக்காரர்கள் சிரிப்பார்கள். அப்புறம் ஒருநாள் டிஎம், அந்தக் கேள்விக்கு இருட்டிலிருந்து ஒரு பதில் குரல் கொடுப்பார். கிரெக் ஸ்டாஃபர்ட் 1985-இல் உருவாக்கிய பெண்ட்ராகன் ஆட்டத்தில் இரக்கமும் கொடுமையும், அடக்கமும் கர்வமும் என்று குணங்கள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே நிற்கும். வீரன் தன் குணத்தை எதிர்த்தே டைஸ் உருட்ட வேண்டி வரும். நல்ல புனிதர் டைஸ் இல்லாமலேயே அந்த இழுபறியை உண்டாக்கிவிடுவார்.

இன்னும் மூன்று மறுப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். சண்டைதான் இந்த ஆட்டத்தின் உயிர், மறுத்தவர்களையும் தோற்றவர்களையும் கும்பிட்டால் பாலடின் எப்படி வாளை எடுப்பான் என்பது ஒன்று. ஆல்தா ஆயுதமேந்திய காவல்காரி, கதவுக்கு வெளியே நின்று சண்டை போட்டுத்தான் செத்தாள். நான் கேட்பது வாழ்நாளில் ஒரே ஒரு மறுப்பு. அந்த ஓர் இடம் இருப்பதால் மற்ற இடங்களில் வாள் எடுப்பதற்கும் ஒரு கனம் வருகிறது. இங்கே எடுக்கலாம் என்று அவன் முடிவுசெய்தான் என்பது தெரியும். இரண்டாவது, இரண்டு கோயில், இரண்டு விளக்கம் என்று வைத்தால் ஆட்டம் வாக்குவாதத்தில் முடங்காதா என்பது. பழைய ரூலில் வாக்குவாதம் ஆட்டக்காரருக்கும் டிஎம்முக்கும் நடுவில் நடந்தது: நீ தப்புச் செய்துவிட்டாய், சக்தி போயிற்று என்று டிஎம் சொல்வார், நட்பே முறியும் அளவுக்குச் சண்டை வரும். இரண்டு விளக்கம் இருந்தால் அதே வாக்குவாதம் கதைக்குள்ளே போய்விடுகிறது. கோட்டைக் குருவானவர் கண்டிப்பார், பள்ளத்தாக்குக் கிழவி ஆசீர்வதிப்பாள், டிஎம் தீர்ப்புச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. பாலடின் யார் சொல்வதைத் தன் புனிதரின் குரலாக எடுத்துக்கொள்கிறான் என்பதே அவன் வளர்ச்சியாகிறது.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். கோடிக்கணக்கானவர்கள் இன்றும் கும்பிடுகிறவர்களை வைத்து விளையாடலாமா? கத்பர்டின் கல்லறை டராம் பேராலயத்தில் இருக்கிறது, இன்றும் அங்கே முழந்தாளிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் கையில் தண்டாயுதத்தைக் கொடுத்து எதிரிகளுக்கு டேமேஜ் கணக்குப் போடுவது அவர்களுக்கு வலிக்குமானால் அந்த வலி நியாயமானது. அதனால்தான் பெயரையும் பிம்பத்தையும் எடுத்துவிட்டு, ஒரு சமூகம் எப்படி ஒருவரை நினைவில் வைக்கிறது என்ற வடிவத்தை மட்டும் கற்றுக்கொள்ளச் சொல்கிறேன். நிஜப் புனிதரின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு அப்படியே தூக்கி வைப்பதும் வேண்டாம். அது மரியாதையும் இல்லை, படைப்பும் இல்லை. மார்ட்டினிடமிருந்து மறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள், மேலங்கியை அவரிடமே விட்டுவிடுங்கள்.

வேலை அதிகம் என்று தயங்குகிறவர்களுக்கு: இது அரைப்பக்கம். அதிலும் டிஎம் முழுவதையும் எழுதக்கூடாது. புனிதரின் செயலை ஆட்டக்காரர் எழுதட்டும், நாலு வரி போதும். அந்தச் செயலால் யார் நஷ்டப்பட்டார்கள், பின்னால் யார் அதைத் தங்களுக்கு ஏற்றபடி வளைத்தார்கள் என்பதை டிஎம் எழுதட்டும். ஆட்டக்காரர் அழகாக எழுதியதன் மேல் டிஎம் சாத்தானின் வழக்கறிஞராக உட்கார வேண்டும், அதை ஆட்டக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடவும் வேண்டும், இல்லையென்றால் தன் புனிதரைக் கெடுத்துவிட்டதாக மனசு கசந்துபோகும். அற்புதங்களை மட்டும் இருவருமே எழுதாதீர்கள், அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். பன்னிரண்டாவது செஷனில் பாலடின் ஒரு பாலத்தின் முனையில் நின்று ஊரையே கடக்கவிடும்போது டைஸில் 20 விழும். அன்றைக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். மூன்று ஊர் தாண்டி ஒரு சந்தையில், பாலத்தின் மேல் ஆல்தாவே சாவியோடு வந்து நின்றாள், பக்கத்தில் யாரோ ஒரு வீரனும் இருந்தான் என்று ஒரு மீன்காரி யாருக்கோ சொல்லிக்கொண்டிருப்பதை அந்த ஆட்டக்காரர் காதில் விழ வையுங்கள்.